வீழ்ந்த காவலரின் இறுதி ஊர்வலத்தில் நம் ஜமாஅத் எங்கே நிற்கிறது?

 

பணியில் இருந்தபோது கொல்லப்பட்ட ஒரு காவலரின் உடல், துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்த சக காவலர்களின் அணிவகுப்போடு ஓர் ஊரின் தெருக்களைக் கடந்து செல்கிறது. கடைக்காரர்கள் கதவை இறக்குகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் சாலையோரம் நிற்கிறார்கள். பேருந்து ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி இறங்குகிறார். அந்த நேரத்தில் அந்த ஊரின் முஸ்லிம் ஜமாஅத் எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் வீட்டுக்குள். அல்லது மறுநாள் நாளிதழின் ஐந்தாம் பக்கத்தில், ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று தொடங்கும் நான்கு வரி அறிக்கையில். இது போதாது என்பதே நம் வாதம். நாம் சாலையோரத்தில் நிற்க வேண்டும், ஜமாஅத்தாக நிற்க வேண்டும், முன்வரிசையில் நிற்க வேண்டும். இதைச் சொல்லும்போது நம்மவர் எழுப்பும் எதிர்ப்புகள் என்னென்ன என்பதை நாம் அறிவோம். அவற்றில் சில கனமானவை. அவற்றைத் தட்டிக்கழிக்காமல் எடுத்துக்கொள்வோம்.

முதலில் கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளைக்குச் செல்வோம். 2020 ஜனவரி 8ஆம் தேதி இரவு, தமிழகமும் கேரளமும் சந்திக்கும் அந்த எல்லைச் சோதனைச் சாவடியில் காவலுக்கு இருந்தவர் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன். வயது 57. ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. இருவர் வந்து அவரைச் சுட்டும் குத்தியும் கொன்றுவிட்டு எல்லை தாண்டினர். ஆறு நாட்களுக்குப் பிறகு கர்நாடகத்தின் உடுப்பி ரயில் நிலையத்தில் இரண்டு இளைஞர்கள் பிடிபட்டனர். வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் சென்றது. குற்றம் சாட்டப்பட்ட அந்த இருவரின் பெயர்களும் முஸ்லிம் பெயர்கள். அன்று முதல் ‘களியக்காவிளை’ என்ற சொல் நம் வீடுகளில் குரலைத் தாழ்த்திச் சொல்லும் சொல்லாகிவிட்டது.

வில்சன் கிறிஸ்தவர். அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். குடும்பத்துக்கு அரசு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. நம் இயக்கங்கள் கண்டன அறிக்கைகள் வெளியிட்டன. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கொலை நடந்து இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. நாம் தொழுத பள்ளியின் பயானில் அவர் பெயர் ஒலிக்கவில்லை. இமாமின் உள்ளத்தில் வருத்தம் இல்லாமல் இல்லை. பெயரைச் சொன்னால் ‘நாம்தான் செய்தோம்’ என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற அச்சம். இந்த அச்சத்தை நாம் புரிந்துகொள்கிறோம். ஆனால் அதை ஏற்க மறுக்கிறோம். ஓர் உயிரை நியாயமின்றிப் பறிப்பது மனிதகுலம் முழுவதையும் கொன்றதற்கு ஒப்பாகும் என்ற பொருள் தரும் வசனத்தை (5:32) மேடைதோறும் எடுத்துச் சொல்கிறோம். மனிதகுலம் முழுவதும் கொல்லப்பட்டதற்கு ஒப்பான ஒரு செயல் நடந்திருக்கும்போது, இறந்தவரின் பெயரைச் சொல்லவே நமக்கு நாவு எழவில்லையென்றால், அந்த வசனத்தை நாம் யாருக்காக ஓதுகிறோம்? செய்தியாளர்களுக்காகவா?

அந்த மாதத்தை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவுகூர வேண்டியிருக்கிறது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. 2020 ஜனவரியில் நாம் ஊர்வலம் போகத் தெரியாத சமுதாயமாக இருக்கவில்லை. ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தோம். பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்தார்கள். தேசியக் கொடியைப் பிடித்தோம். நம் உரிமைக்காக நடக்கத் தெரிந்த கால்கள் அடுத்தவரின் துக்கத்துக்காகவும் நடக்கும் என்பதை அந்த மாதத்திலேயே காட்டியிருக்கலாம். அந்த வாய்ப்பு போய்விட்டது.

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம்.

‘பிறசமயத்தவரின் பிரேதத்தோடு நடப்பது மார்க்கத்தில் கூடுமா?’ என்பது முதல் கேள்வி. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் உண்மையான பேணுதலில்தான் கேட்கிறார்கள். ஆதலால் பதிலையும் பொறுப்போடு சொல்ல வேண்டும். சூரா தவ்பாவின் 84ஆம் வசனத்தைச் சிலர் காட்டுவார்கள். அது நயவஞ்சகர்களைப் பற்றி இறங்கியது. அவர்களுக்காக ஜனாஸாத் தொழுகை நடத்துவதையும், அவர்களது கப்ரருகில் நின்று பிரார்த்திப்பதையும் தடுத்தது. அதே சூராவின் 113ஆம் வசனம் இணைவைத்தவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுவதைத் தடுக்கிறது. இந்த எல்லைகளை ஒருவரும் அழிக்கச் சொல்லவில்லை. தொழுகை வேறு, இஸ்திக்ஃபார் வேறு, பிறருடைய சடங்குகளில் பங்கேற்பது வேறு. துக்கத்தில் உடன் நிற்பது வேறு.

உடன் நிற்பதற்கு ஆதாரம் இல்லையா? புகாரீயில் இருக்கிறது. காதிஸிய்யாவில் ஸஹ்ல் பின் ஹுனைஃப், கைஸ் பின் ஸஅத் (ரலி) இருவரும் அமர்ந்திருந்தபோது ஒரு பிரேதம் கடந்தது. இருவரும் எழுந்து நின்றார்கள். அது முஸ்லிமல்லாத ஒருவருடையது என்று அருகிலிருந்தோர் எடுத்துச் சொன்னார்கள். அதற்கு அவ்விருவரும், நபி (ஸல்) அவர்கள் ஒரு யூதரின் பிரேதத்துக்காக எழுந்து நின்றதையும், அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் அவர்கள் திருப்பிக் கேட்டதையும் எடுத்துரைத்தார்கள். எழுந்து நிற்பது என்ற சட்டம் பின்னர் நீக்கப்பட்டதா, விருப்பத்துக்குரியதாக நீடிக்கிறதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மத்ரஸாவில் மூன்றாம் ஆண்டு மாணவனும் இதை அறிவான். ஆனால் நபியவர்கள் சொன்ன காரணம் நீக்கப்பட்டது என்று சொன்ன ஓர் இமாமையும் நாம் கண்டதில்லை. சட்டம் மாறலாம், அது ஓர் உயிர் என்பது மாறுமா?

அபூதாலிப் இறந்தபோது, தம் தந்தையை அடக்கம் செய்துவிட்டு வருமாறு அலீ (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் அனுப்பியதை அபூதாவூதில் காண்கிறோம். பிறசமயத்தவரான உறவினரின் பிரேதத்தைப் பின்தொடரலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் எழுதியிருக்கிறார்கள். உறவினருக்குச் சொன்னது ஊர்க்காவலருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நம் வளவனூரிலும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஹனஃபீகளே மிகுதி, அவர்களுக்கு என்ன விளக்கம் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விகள். இவற்றை மாவட்ட உலமாக்களிடம் எழுத்தில் கொடுத்து எழுத்தில் ஃபத்வா வாங்குங்கள். நாம் முஃப்தி அல்லர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர் மட்டுமே. ஆனால் ஒன்று தெரியும். கேள்வியே கேட்காமல், ‘கூடாது’ என்ற பதிலை நாமே எழுதி வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது பேணுதல் ஆகாது. அது சோம்பல். சில நேரங்களில் அதைவிட மோசமானது.

மேலும், இந்தக் கேள்விக்கு நம் கைகள் ஏற்கனவே பதில் சொல்லிவிட்டன. 2020, 2021 கொரோனாக் காலத்தை மறந்துவிட்டோமா? சொந்தப் பிள்ளைகளே தொட அஞ்சிய உடல்களை, தமிழகம் முழுவதும் நம் இளைஞர்கள் பாதுகாப்பு உடை அணிந்து சுமந்தார்கள். இந்துச் சகோதரரை அவருடைய மயானத்துக்கும், கிறிஸ்தவச் சகோதரரை அவருடைய கல்லறைத் தோட்டத்துக்கும் கொண்டு சேர்த்தார்கள். அன்று எந்த ஆலிமும் ‘கூடாது’ என்று தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமன்று, மேடையில் ஏற்றிப் பாராட்டினோம். யாரும் பார்க்காத இரவில் முன்பின் அறியாத ஒருவரின் உடலைச் சுமக்கக் கூடுமென்றால், ஊரே பார்க்கும் பகலில் நமக்காகக் காவல் நின்றவரின் பாதையோரம் நிற்பது மட்டும் எப்படிக் கூடாமல் போகும்?

இரண்டாவது எதிர்ப்புக்கு வருகிறோம். இதுவே உண்மையான எதிர்ப்பு. முதலாவது பெரும்பாலும் இதற்குப் போர்த்திய போர்வை.

‘காவல்துறை நமக்கு என்ன செய்தது?’ என்கிறார்கள். கோவையைச் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் அல்-உம்மாவைச் சேர்ந்தவர்கள். அடுத்த இரண்டு நாட்களில் என்ன நடந்தது? கலவரத்திலும் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டிலுமாக 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் எவரும் செல்வராஜின் மீது கை வைத்தவர் அல்லர். கடைகள் எரிந்தன. துக்கத்தில் இருந்த காவலர்கள் தங்கள் கடமையை மறந்தார்கள். மறந்தார்கள் என்பது மென்மையான சொல், தெரிந்தேதான் பயன்படுத்துகிறோம். அதன்பின் 1998 பிப்ரவரி 14 வந்தது. குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். பழிக்குப் பழி என்று தொடங்கியது, யாரென்றே தெரியாத தாய்மார்களின் பிள்ளைகளைக் கொண்டுபோய் முடிந்தது. அந்த நவம்பர் இரவின் விலையைத் தமிழக முஸ்லிம்கள் இன்றும் செலுத்திக்கொண்டிருக்கிறோம். வாடகை வீடு கேட்கும்போது செலுத்துகிறோம். பாஸ்போர்ட் விசாரணைக்கு வரும் காவலர் பெயரைப் பார்த்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்கும்போது செலுத்துகிறோம்.

கோவையோடு நிற்கவில்லை. 2020 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் அமர்ந்திருந்தவர்கள் மீது தடி விழுந்தது. இதை மறந்துவிட்டு மலர் தூவுங்கள் என்று யாரேனும் சொன்னால், அவரோடு நமக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் நீதி என்றால் என்ன? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கட்டளை (5:8) நமக்கு இடப்பட்டிருக்கிறது. கவனியுங்கள். வெறுப்பே கொள்ளாதீர்கள் என்று அங்கே சொல்லப்படவில்லை. வெறுப்புக்குக் காரணம் இருக்கலாம் என்பதை அந்த வசனம் கணக்கில் எடுத்துக்கொண்டே பேசுகிறது. வண்ணாரப்பேட்டைத் தடிக்கு வில்சனிடம் கணக்குக் கேட்க முடியாது. 18 பேரின் உயிருக்குச் செல்வராஜிடம் கணக்குக் கேட்க முடியாது. அவர்தான் முதலில் இறந்தார்! ‘முஸ்லிம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நம் எல்லோரையும் திணித்து, இருவர் செய்ததற்கு லட்சக்கணக்கானோரிடம் விளக்கம் கேட்கிறார்களே என்று நாம் குமுறுகிறோம். ‘போலீஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒவ்வொரு காக்கிச் சட்டையையும் திணித்துவிட்டு நாமும் அதையே செய்கிறோம். நமக்குச் செய்யப்படும் அநீதியின் அளவுகோலைத் திருடிக்கொண்டு வந்து நாம் பயன்படுத்துவதா?

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூனில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டு இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. அந்த இரவில் நடந்ததை நீதித்துறை நடுவரிடம் அஞ்சாமல் சொன்னவர் யார்? அதே காவல் நிலையத்தில் பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி. ஒரே சீருடை, ஒரே இரவு, ஒரே கட்டடம். இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தெரியாத கண்ணுக்கு ஈமானின் வெளிச்சம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

பூமிநாதனை நினைத்துப் பாருங்கள். திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர். 2021 நவம்பர் 21 அதிகாலை, இருசக்கர வாகனத்தில் ஆடு திருடிச் சென்றவர்களைத் தன் வண்டியில் தனியாகத் துரத்தினார். புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே மடக்கினார். வெட்டிக் கொல்லப்பட்டார். ஆடு யாருடையது? ஓர் ஏழை விவசாயியுடையதாக இருக்கும். நம்மில் ஒருவருடையதாகவும் இருக்கலாம், பக்ரீத்துக்கு வளர்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த ஆட்டுக்கு உரியவரின் சமயம் என்னவென்று கேட்டுவிட்டா அவர் வண்டியை எடுத்தார்? செங்கம் பக்கம் போனால் பழைய நடுகற்களைக் காணலாம். கவர்ந்து செல்லப்பட்ட மாடுகளை மீட்கப் போய் மாண்டவர்களுக்கு நம் முன்னோர் நட்ட கற்கள். கல்லை வணங்குவது நம் வழியன்று, அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிறர் உடைமையைக் காக்கப் போய் உயிர் விட்டவனை ஊர் மறக்கக்கூடாது என்ற அந்த உணர்வு இந்த மண்ணில் பிறந்த எல்லோருக்கும் பொதுவானது. நாம் அரபு நாட்டிலிருந்து நேற்று இறங்கியவர்கள் அல்லர்.

இப்போது கடல் தாண்டி ஒரு ஜனாஸாவைப் பார்ப்போம். 2025 ஜூலை 28 அன்று நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் ஓர் உயர்ந்த அலுவலகக் கட்டடத்தினுள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தான். நால்வர் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் அங்கே சீருடையில் பாதுகாப்புக்கு நின்ற காவலர் திதாருல் இஸ்லாம். வயது 36. வங்கதேசத்திலிருந்து குடியேறியவர். இரண்டு பிள்ளைகள், மனைவி மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். ஜூலை 31, வியாழக்கிழமை, பிராங்ஸ் பகுதியின் பார்க்செஸ்டர் ஜாமிஆ மஸ்ஜிதில் ஜனாஸாத் தொழுகை நடந்தது. அந்தப் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆயிரக்கணக்கான காவலர்கள் அணிவகுத்து நின்றார்கள். ஆளுநர் தலையை மூடிக்கொண்டு பள்ளிக்குள் வந்து அமர்ந்தார். மேயர் வந்தார். காவல் ஆணையர் அவருக்கு இறப்புக்குப் பிந்தைய பதவி உயர்வை அங்கேயே அறிவித்தார். கொட்டும் மழையில் சீருடை நனைய, யூதரும் கிறிஸ்தவரும் எந்தச் சமயமும் இல்லாதவருமான காவலர்கள் அசையாமல் நின்றார்கள், ஒரு முஸ்லிமின் மய்யித் கடந்து செல்வதற்காக.

அந்தப் படங்களை நம் வாட்ஸ்அப் குழுக்கள் எத்தனை முறை பகிர்ந்தன! ‘மாஷா அல்லாஹ்’, ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று பின்னூட்டங்கள் குவிந்தன. நாமும் கண் கலங்கினோம். ஆனால் அந்தப் படத்தில் நாம் பெருமைப்பட்டது எதைக் கண்டு? நம்மவர் ஒருவருக்கு அவர்கள் நின்றதைக் கண்டு. அவர்களில் ஒருவருக்கு நாம் நிற்கும் படம் ஒன்றை நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு எப்போது அனுப்பப் போகிறோம்? நின்றவர்களில் எவரும் ‘மசூதி வாசலில் நிற்பது எங்கள் வேதத்தில் கூடுமா’ என்று கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. தொழுகையில் சேரவும் இல்லை. வெளியே நின்றார்கள், மரியாதையாக. நாம் கேட்பதும் அவ்வளவே.

அதே பெருமையை நம் நாட்டின் இன்னொரு பள்ளிவாசலைப் பற்றிப் பேச முடியவில்லை. 2017 ஜூன் 22, ரமளானின் லைலத்துல் கத்ரை எதிர்பார்த்து ஸ்ரீநகர் ஜாமிஆ மஸ்ஜித் நிரம்பியிருந்த இரவு. வாசலில் பாதுகாப்புப் பணியிலிருந்த துணைக் காவல் கண்காணிப்பாளர் முஹம்மது அய்யூப் பண்டித் ஒரு கும்பலால் அடித்தே கொல்லப்பட்டார். காவலரும் முஸ்லிம், கும்பலும் முஸ்லிம். காஷ்மீரின் வேதனை பெரியது, அதன் அரசியலை இங்கே அலச நமக்குத் தகுதியும் இல்லை, இடமும் இல்லை. ஆயினும் ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த இரவைத் தேடி வந்தவர்களின் வாசலில் அது நடந்தது. சீருடையைக் கண்டால் மனிதனைக் காணாத வெறுப்பு எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மூன்றாவது எதிர்ப்பு இளைஞர்களிடமிருந்து வருவது. ‘நாம் ஏன் எப்போதும் நம் தேசபக்தியை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்? மற்றவர்களிடம் யாரும் கேட்பதில்லையே!’ இந்தக் கோபத்தை நாம் மதிக்கிறோம். கேட்பவர்களில் பலர் நன்கு படித்த பிள்ளைகள். அவர்களுக்கு நம் பதில் இதுதான்: நிரூபிக்கப் போகாதீர்கள். சான்றிதழ் வாங்குவதற்காக ஒருவரின் மரணத்துக்குச் செல்பவன் துக்கத்துக்குச் செல்லவில்லை, வியாபாரத்துக்குச் செல்கிறான். நம்மிடம் சான்றிதழ் கேட்பவர்கள் நாம் ஆயிரம் ஊர்வலங்களில் நின்றாலும் தரப் போவதில்லை. மும்பையில் 2008 நவம்பர் தாக்குதலில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒன்பது பேருக்கு மெரின் லைன்ஸ் கப்ருஸ்தானில் இடமில்லை என்று அங்குள்ள முஸ்லிம்கள் மறுத்தார்களே, அதன் பிறகு மும்பை முஸ்லிம்களிடம் யாரும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்களா? இல்லை. ஆனால் அந்த மறுப்பு சரியானது, அது யாருக்காகவும் செய்யப்படாமலே சரியானது. நாம் நிற்பது நம் ரப்புக்கு முன்னால். பக்கத்து வீட்டுக்காரன் இறந்தால் அவன் வாசலுக்குப் போகிறோம். எதை நிரூபிக்க? எதையும் இல்லை. அவன் பக்கத்து வீட்டுக்காரன், அவ்வளவுதான். இரவு இரண்டு மணிக்கு நம் தெருமுனையில் விசில் ஊதிக்கொண்டு போகிறவர் பக்கத்து வீட்டுக்காரரைவிட எந்த வகையில் தூரமானவர்?

வளவனூர்வாசிகளுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் நம் ஊர். வெள்ளிதோறும் மது ஹராம் என்று மிம்பரில் முழங்குகிறோம். புதுச்சேரியிலிருந்து வண்டி வண்டியாகக் கடத்தி வரப்படும் சாராயத்தை இந்தச் சாலையில் மறித்து நிற்பது நம் முழக்கம் அன்று. வெயிலிலும் பனியிலும் சாவடியில் நிற்கும் மதுவிலக்குக் காவலர்கள். 2023 மே மாதம் நம் மாவட்டத்தின் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்று பார்த்தோம். அதில் கடமை தவறிய காவலர்கள் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. கடமை தவறினால் தண்டனை கேட்போம். கடமையில் விழுந்தால் கௌரவம் கொடுப்போம். இரண்டையும் ஒரே வாயால் கேட்கும் உரிமை, இரண்டையும் செய்பவனுக்கே உண்டு.

சரி, எப்படிக் கௌரவிப்பது? இங்கேதான் நம் சமுதாயத்தின் பழைய நோய் தலைகாட்டும் என்று அஞ்சுகிறோம். முதல் வேலையாக ஃபிளெக்ஸ் அடிப்பார்கள். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று மேலே எழுதி, இறந்தவரின் படம் அஞ்சல் தலை அளவிலும், மாவட்டச் செயலாளரின் படம் ஆளுயரத்திலும் போடுவார்கள். வேண்டாம். ஊர்வலத்தில் செல்பி எடுப்பவனைத் திருப்பி அனுப்புங்கள். முழக்கம் வேண்டாம், தக்பீரும் அங்கே வேண்டாம், அது அதற்குரிய இடமன்று. ஜமாஅத்தார் அமைதியாக வந்து, ஊர்வலம் கடக்கும்வரை நின்று, கலைந்து செல்லட்டும். அந்த ஒரு மணி நேரம் நம் கடைகள் மூடியிருக்கட்டும். யாரும் சொல்லி மூடியதாக இருக்க வேண்டாம். முத்தவல்லியும் இமாமும் அந்த வீட்டுக்குச் சென்று தஃஸியத் சொல்லட்டும். அன்றே செல்ல வேண்டியதில்லை. மந்திரிகளும் கேமராக்களும் போன பிறகு, பத்தாம் நாள் செல்லட்டும். அப்போதுதான் அந்த வீட்டில் ஆள் இருக்காது. பிள்ளைகளின் படிப்புக்கு என்ன தேவை என்று கேட்கட்டும். நம் பெண்கள் அந்த வீட்டுப் பெண்களோடு அமரட்டும். இதை நம் பெண்கள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

இறப்புக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஆண்டுதோறும் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959இல் அந்தத் தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையின் தாக்குதலில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 10 பேர் உயிரிழந்ததன் நினைவு. சுதந்திரத்துக்குப் பின் பணியில் உயிர் நீத்த காவலர்கள் 34 ஆயிரத்துக்கும் மேல் என்று 2018இல் தில்லியில் தேசியக் காவலர் நினைவிடம் திறக்கப்பட்டபோது சொல்லப்பட்டது. அன்றைய தினம் மாவட்டந்தோறும் காவல்துறை நினைவேந்துகிறது. நம் மாவட்டத்தின் ஆயுதப்படை மைதானம் விழுப்புரம் காகுப்பத்தில் இருக்கிறது. வளவனூரிலிருந்து அரைமணி நேரப் பயணம். மலர்வளையம் வைப்பது பற்றி உலமாக்களுக்குள் பேச்சு இருக்கிறது. வைக்க வேண்டாம் என்போர் வைக்க வேண்டாம். அனுமதி பெற்று ஓரத்தில் நிற்பதற்கு எந்த மத்ஹபிலும் தடையில்லை. மத்ரஸாவின் மூத்த மாணவர்களை அழைத்துச் செல்லலாம். வாசிக்கப்படும் பெயர்களை அவர்கள் கேட்கட்டும். அந்தப் பட்டியலில் எல்லாச் சமயத்துப் பெயர்களும் வரும், நம் பெயர்களும் வரும். அந்த மாணவர்களில் ஓரிருவருக்குக் காவலர் தேர்வு எழுதும் எண்ணம் வந்தால் இன்னும் நல்லது. காவல்துறையில் நம் விகிதம் குறைவு என்று 2006இல் சச்சார் குழு எழுதியதை மேடையில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. விண்ணப்பப் படிவம் நிரப்பக் கைகள் போதவில்லை.

நம் பள்ளிகளின் நிர்வாகக் குழுக்கள் மாதந்தோறும் கூடுகின்றன. மின்விசிறி, மோட்டார் பழுது, இஃப்தார் கஞ்சிச் செலவு எல்லாம் பேசப்படுகின்றன. அடுத்த கூட்டத்தின் குறிப்பேட்டில் இதையும் ஒரு பொருளாக எழுதி வையுங்கள். உலமா சபைக்கான கேள்விக் கடிதத்தை அன்றே தயாரித்து, முத்தவல்லி கையெழுத்திட்டு அனுப்பட்டும். இந்த அக்டோபருக்கு முன் பதில் வந்துவிட வேண்டும்.